எழுத்துக்கும் தாலிக்கும் இடையில் ஒரு கப்பல்

மகளிர் பயிற்சி விடுதி,
கண்டி.
4.11.1962

அன்புள்ள அத்தானுக்கு,

நான் குறையொன்றும் இல்லாமல் வந்து சேர்ந்தேன். உங்களுடைய சுகத்தையும் மாமியுடைய சுகத்தையும் அறிய ஆசை.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது சரியோ பிழையோ என்று வந்த நாளிலிருந்து யோசித்தேன். ஆவணியில் பதிவுகாரர் முன்னால் கையெழுத்துப் போட்டு, மோதிரம் மாற்றி, எங்கள் இரண்டு பேருக்கும் எழுத்து முடிந்துவிட்டது. தாலிகட்டு இனித்தான். எழுத்து முடிந்த ஆளுக்குக் கடிதம் போடலாம் என்று அம்மா சொன்னார். தாலி ஏற முதல் என்ன கடிதம் என்று அப்பா சொன்னார். நான் அம்மாவின் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

இங்கே இலங்கையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரிந்தெடுத்த எட்டுப் பேர் இருக்கிறோம். பங்குனியில் கப்பல். யப்பானில் கமக்காரர் வீடுகளில் அவர்களுடைய பிள்ளை மாதிரி இருந்து வயல் வேலை பழக வேண்டும். ஐப்பசியில் திரும்பிவிடுவோம். அதற்குப் பதிலாக அங்கேயிருந்து எட்டுப் பேர் இங்கு வந்து எங்கள் ஊர்களில் இருப்பார்கள். முரசுமோட்டைக்கு வந்து எங்கள் அம்மாவின் சம்பலைத் தின்னப்போகிற அந்தப் பிள்ளையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

காலையில் பாஷை படிப்பு. மத்தியானம் இரண்டு குச்சியால் சோறு தின்னப் பழக்குகிறார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டில் நேசமலர், முல்லைத்தீவு ஆள், வேதக்காரப் பிள்ளை. அவள் குச்சியால் மீன் துண்டை எடுத்துவிட்டாள். நான் எடுத்த துண்டு பறந்து போய், எங்களுக்குப் பொறுப்பான மிஸ்ஸின் மடியில் விழுந்தது. அவர் கொழும்பு ஆள், சிரித்து ஒருவரும் கண்டதில்லை. என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று அன்றைக்கு முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

அத்தான், தையில் வைத்திருந்த தாலிகட்டை ஐப்பசிக்குப் பிறகு தள்ளி வைக்க நீங்கள் ஒரு சொல்லில் ஒத்துக்கொண்டீர்கள். மாமி என்ன சொன்னார்? கோபமோ? மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாமன் மகள்களில் வாய் கூடியவள் என்று நீங்கள் சொல்லுகிற
கமலாசனி

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
18.11.1962

அன்புள்ள கமலாவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. நானும் மாடுகளும் சுகம். அம்மா சுகம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது விதைநெல் கேட்டு அரசாங்கக் கந்தோருக்கு. அவர்கள் இன்னும் பதில் போடவில்லை. நான் அப்படி இருக்கமாட்டேன்.

மழை நன்றாக விழுகிறது. குளத்தில் தண்ணீர் ஏறுகிறது. நீர் போக முதல் சொன்ன மாதிரி, வாய்க்காலோரத் துண்டில் மட்டும் விதைக்காமல், நாற்றுப் போட்டுப் பிடுங்கி, கயிறு பிடித்து வரிசையாக நட்டேன். வரம்பால் போகிறவர்கள் நின்று பார்த்து, நெல்லுக்குப் பள்ளிக்கூடம் வைக்கிறேனோ என்று கேட்கிறார்கள். கதிர் வந்த பிறகு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கதிர் வராவிட்டால் நானும் உம்மோடு கப்பல் ஏற வேண்டியதுதான்.

தாலிகட்டைத் தள்ளி வைத்ததைப் பற்றிக் கேட்டிருந்தீர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

கண்டியில் குளிர் என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு திரியவும்.

இப்படிக்கு,
தில்லைநாதன்

கண்டி.
27.11.1962

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் சுகமில்லை.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் "எடியே" என்று கூப்பிட்ட ஆள் இப்போது "நீர்" என்று எழுதுகிறீர்கள். அதை வாசித்துவிட்டு நான் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். நேசமலர் என்னவென்று கேட்டாள். அதிலிருந்துதான் கதை தொடங்கியது.

வயல் வேலைக்குப் போகும்போது நகை போடக்கூடாது என்பது இங்கே சட்டம். நான் மோதிரத்தைப் பெட்டியில் வைக்காமல் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவதை அவள் கண்டிருக்கிறாள். ஆரு போட்டது என்று கேட்டாள். எழுத்து முடிந்ததைச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. அவர்களுக்குப் பாதிரியார் முன்னால் கோயிலில் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும். நான் விளங்கப்படுத்த, அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப நீர் கலியாணம் முடிச்ச ஆளெல்லோ, கமலா!"

அத்தான், எனக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. புரட்டாதியில் கிளிநொச்சியில் தெரிவுக்குப் போனபோது இந்த மிஸ் என்னிடம், "கலியாணம் முடிச்சாச்சோ?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்று சொன்னேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என்னைக் குமர் என்றுதானே சொல்லுகிறார்கள். தாலி கட்டவில்லை, கூறை மாற்றவில்லை, சோறு குடுப்பிக்கவில்லை. பிறகு என்ன கலியாணம்?

ஆனால் கலியாணம் முடித்தவர்களை இந்தப் பயணத்துக்கு எடுப்பதில்லை. போன முறை ஒரு பிள்ளை இரகசியமாக முடித்திருந்தது தெரிய வந்து, கப்பலுக்குப் பெட்டி கட்டிய பிறகு வீட்டுக்கு அனுப்பினார்களாம். தையில் பாஸ்போட்டுக்கு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மிஸ் திரும்பவும் இதே கேள்வியைக் கேட்பார்.

சொன்னால் கப்பல் போய்விடும். சொல்லாவிட்டால் இனிமேல் அது தெரிந்து சொன்ன பொய். நான் என்ன செய்ய? நீங்கள் சொல்லுங்கள், அத்தான். நீங்கள் சொல்லுகிறபடி கேட்கிறேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
கமலாசனி

கண்டி.
14.12.1962

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் மாமியும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்க மட்டும்தான் முடிகிறது.

கடிதம் வரவில்லை. வடக்குப் பக்கம் மழை கூட என்று பேப்பரில் கிடந்தது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருக்கும், தபால் நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நேசமலருக்கு முல்லைத்தீவிலிருந்து கடிதம் வந்தது. அவளுடைய ஊர் எங்கள் ஊரைவிடத் தூரம்.

எங்களுக்கு ஊசி போட்டார்கள். கை வீங்கி, காய்ச்சலோடு இரண்டொரு நாள் கிடந்தேன். குளிர்ச் சட்டைக்கு அளவு எடுத்தார்கள். தையற்காரன் என்னுடைய அளவைச் சொல்லச் சொல்ல, இந்தச் சட்டையை வேறு ஆரோ போடப்போகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. மிஸ் வராந்தாவில் நடக்கிற சத்தம் கேட்டாலே மோதிர விரலைச் சேலைக்குள் மறைக்கிறேன். நேசமலர் ஒருவருக்கும் சொல்லமாட்டாள். சொல்லமாட்டாள் என்று தெரிந்தும், அவள் மற்றவர்களோடு சிரித்துக் கதைத்தால் நான் காதைக் குடுத்துக் கேட்கிறேன். நல்ல சிநேகிதியைக் கூடச் சந்தேகப்படுகிற ஆளாகிவிட்டேன்.

கோபமென்றால் கோபமென்று எழுதுங்கள். கடிதத்தில் ஏச்சு வந்தாலும் அது கடிதம்தானே.

கமலாசனி

உருத்திரபுரம்.
23.12.1962

அன்புள்ள கமலாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. நான் சுகம். அம்மா சுகம்.

மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்தது. மேட்டுக் காணிப் பக்கம் வாய்க்கால் உடைந்துபோய், நாங்கள் எல்லோரும் மண் சாக்குப் போட்டு அடைத்தோம். விதைத்த வயல் கொஞ்சம் அழுகிப்போயிற்று. நட்ட துண்டு நிற்கிறது. பன்றி ஒரு மூலையைக் கிண்டிவிட்டது. வேலியைத் திருத்தினேன்.

ஊசி போட்ட கைக்கு உப்புத் தண்ணீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கவும்.

மற்ற விஷயத்தை யோசித்து எழுதுகிறேன்.

தில்லைநாதன்

கண்டி.
2.1.1963

அத்தானுக்கு,

புது வருஷத்தில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். மாமியும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர் எப்போதும் சுகம்தானே.

அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. கார்த்திகை மாதமே மாமி முரசுமோட்டைக்கு வந்து, படலைக்கு உள்ளே வந்தும் வீட்டுக்குள் வராமல், தண்ணீர் கூடக் குடிக்காமல் முற்றத்தில் நின்று கதைத்தாராம். அவர் சொன்னதை அப்பா அப்படியே எழுதியிருக்கிறார்: "தையிலே தாலி ஏறவேணும். இல்லாட்டி எழுத்தை வெட்டிப்போட்டு உங்கட பெட்டையைக் கப்பலிலே ஏத்துங்கோ. தாலி கட்டாதவள் எங்கட ஆள் இல்லை."

"அம்மா ஒன்றும் சொல்லவில்லை" என்று நீங்கள் எழுதியது எனக்கு இப்போது விளங்குகிறது. உங்களோடு கதைப்பதையே விட்டுவிட்டாராமே! ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு, சோற்றைக் குசினியில் மூடி வைத்துவிட்டுப் போய்விடுகிறாராம். இதைக் கூட ஊரார் சொல்லி அப்பா அறிந்து, அப்பா சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருக்கிறது.

நான் வாய்க்காலைப் பற்றியா கேட்டேன்? பன்றியைப் பற்றியா கேட்டேன்? என்ன செய்ய என்று கேட்டேன். நீங்கள் உப்புத் தண்ணீரும் துணியும் எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே நான் கலியாணம் முடித்தவள் என்று தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். அங்கே கலியாணம் முடிக்காதவள் என்று மாமி வெட்டிவிடச் சொல்லுகிறார். நான் ஆர் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அந்த வயல்களைப் பார்க்க எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நீங்கள் வா என்று ஒரு சொல் எழுதினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். போ என்றால் போவேன். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பாஸ்போட்டுக்குக் கூப்பிடுகிறது பதினெட்டாந் திகதி.

கமலாசனி

உருத்திரபுரம்.
9.1.1963

அன்புள்ள கமலாவுக்கு,

நான் சுகம். அம்மாவைப் பற்றி நீர் எழுதியதெல்லாம் உண்மை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று விட்டேன். விட்டது பிழை.

உம்முடைய கேள்விக்கு நான் ஏன் பதில் போடவில்லை என்று இப்போது எழுதுகிறேன். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதுதான் மிஞ்சியது.

ஆவணியில் நீர் கையெழுத்துப் போட்டீர். அப்போது பேனை மை ஒரு பொட்டு மேசையில் விழுந்தது. நீர் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தீர். நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மா என்னடா என்று கேட்டதற்குப் பசியில்லை என்றேன். பசியில்லாமல் இல்லை. எனக்கு அன்றைக்கே கலியாணம் முடிந்துவிட்டது, கமலா. தாலியெல்லாம் ஊருக்காகச் செய்கிற காரியம் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு நீர், "கலியாணம் முடிச்சாச்சோ" என்று கேட்க "இன்னும் இல்லை" என்று சொன்னேன் என்று எழுதியிருந்தீர். நீர் வழக்கத்தைத்தான் சொன்னீர். உம்மில் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் எனக்குச் சுட்டது. சூட்டோடு பதில் எழுதினால் வாடி வீட்டுக்கு என்று எழுதியிருப்பேன். அதனால்தான் வாய்க்காலைப் பற்றி எழுதினேன்.

இடையில் பதிவுகாரர் சின்னராசாவிடம் போனேன். எழுத்தை வெட்டலாமோ என்று கேட்டு வரச்சொல்லித்தான், என்னோடு கதைக்காத அம்மா பக்கத்து வீட்டாரிடம் சொல்லி என்னை அனுப்பினார். அதை நான் கேட்கவில்லை. சட்டப்படி நாங்கள் என்ன என்று மட்டும் கேட்டேன். "தம்பி, தாலி எனக்குத் தெரியாது. கையெழுத்துத்தான் தெரியும். அவ உம்மட பெண்சாதி" என்றார்.

நீர் நான் சொல்லுகிறபடி கேட்பதாக எழுதியிருந்தீர். நான் வா என்றும் சொல்லமாட்டேன், போ என்றும் சொல்லமாட்டேன். மிஸ் கேட்டால் உள்ளதைச் சொல்லும். பொய்யோடு அந்நிய ஊரில் ஒரு வீட்டில் போய்ப் பிள்ளை மாதிரி இருக்க உம்மால் ஏலாது, எனக்கு உம்மைத் தெரியும். கப்பல் போனால் போகட்டும். கிளிநொச்சி ஸ்ரேசனில் வண்டிலோடு நிற்பேன். அனுப்பினார்களென்றால் அதுவும் நல்லதே, நான் கண்ணாரக் காண்பேன். ஆனால் நீர் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதையும் நீர் அறிய வேண்டும்.

இப்படிக்கு,
தில்லைநாதன்

கண்டி.
19.1.1963

அன்பான அத்தானுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. அந்தக் கடிதத்துக்குப் பிறகு நான் எதைக் கேட்டாலும் குறைவு.

மை விழுந்ததை நீங்கள் கண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்றல்லவோ நினைத்தேன். அந்தச் சேலையில் கறை இன்னும் இருக்கிறது.

நேற்றுக் கூப்பிட்டார்கள். மிஸ் முகத்தைப் பார்க்காமல் கடகடவென்று கேட்டுக்கொண்டு போனார். கலியாணம் என்ற இடம் வந்ததும் தானாகவே இல்லை என்று எழுதப் போனார். நான், "ஓம், முடிச்சிட்டன்" என்று சொன்னேன். அத்தான், அந்தச் சொல்லை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்குக் கூடச் சொன்னதில்லை. முதன்முதலில் சொன்னது அந்தக் கந்தோரில், பயணத்தைத் தொலைக்கிறதற்கு. சொல்லிவிட்டு எனக்கு அழுகையும் வந்தது, ஒரு நிம்மதியும் வந்தது.

மிஸ் பேனையை வைத்துவிட்டு, நான் கிளிநொச்சியில் பொய் சொல்லியிருக்கிறேன் என்றார். எழுத்து, தாலி, சோறு குடுப்பிக்கிறது என்று நான் அவருக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். வாய் குழறி, எனக்கே அது பொய்க்காரியின் கதை மாதிரிக் கேட்டது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. பிள்ளைகளின் வீடுகளைப் பார்க்க எப்படியும் வடக்குக்கு வர இருக்கிறாராம். உருத்திரபுரத்துக்கும் வந்து, நேரே விசாரித்துவிட்டு முடிவு சொல்லுவாராம். அதுவரைக்கும் வகுப்புக்குப் போகலாம், பாஸ்போட் இல்லை.

எனக்கு இப்போது மிஸ்ஸில் பயமில்லை. மாமியில்தான் பயம். அவர் ஊருக்கெல்லாம் சொன்ன சொல்லை மிஸ்ஸிடமும் சொல்லப் போகிறார், இவள் எங்கட ஆள் இல்லை என்று. அப்படிச் சொன்னால் நான் இங்கே பொய்க்காரி, அங்கே ஒருவரும் இல்லாதவள். கப்பலும் போய், நீங்களும் போய்விடுவீர்கள். மாமியிடம் ஒன்றும் கெஞ்ச வேண்டாம். கெஞ்சினால் அவருக்கு இன்னும் ஏறும். என்ன நடந்தாலும் அன்றைக்கே எழுதுங்கள்.

கமலா

உருத்திரபுரம்.
3.2.1963

அன்புள்ள கமலாவுக்கு,

பதற வேண்டாம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒழுங்காக வாசியும்.

நேற்று மிஸ் ஜீப்பில் வந்தார். நான் வயலில் நின்றேன். ஜீப் சத்தம் கேட்டு ஓடி வந்து பார்த்தால், அம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டபடி நிற்கிறார். மிஸ்ஸைக் கதிரையில் இருக்கச் சொல்லவும் இல்லை. நான்தான் கதிரை கொண்டுவந்து வைத்தேன். சேறு பூசின காலோடு, மேலுக்குச் சட்டை இல்லாமல் உம்முடைய புருஷன் நின்ற கோலத்தை மிஸ் வந்து சொல்லுவார், சிரிக்க வேண்டாம்.

மிஸ் அரைகுறைத் தமிழில், கமலாசனி உங்கள் மருமகளோ என்று கேட்டார். அம்மா நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டே இருந்தார். எனக்கு நெஞ்சு அடித்த அடி அடுத்த காணிக்குக் கேட்டிருக்கும். நான் பதில் சொல்லப் போக, அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் மூடிவிட்டது. அப்போது மிஸ் அம்மாவுக்கு உதவி செய்கிறதாக நினைத்து ஒன்று சொன்னார். இந்தப் பிள்ளை எங்களை ஏமாற்றிப் போட்டுது, கலியாணம் இல்லை என்று பொய் சொன்னது என்றார்.

அம்மா நெல்லை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆர் பொய் சொன்னது? எங்கட பிள்ளையோ? நீங்கள் கேட்டது பிழை, பிள்ளை. கலியாணமோ எண்டு கேட்டியள், இல்லை எண்டவள். எழுத்து முடிஞ்சுதோ எண்டு கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பாள். தாலி ஏறுமட்டும் அவள் தாய் வீட்டுக் குமர். எழுத்து முடிஞ்ச நாளிலே இருந்து என்ர மருமகள். ரண்டும் உண்மை. எங்கட வழக்கம் தெரியாட்டி, ஆரையும் கேட்டுப்போட்டெல்லோ பிள்ளையிலே பழி சொல்ல வேணும்."

அம்மா அதோடு விடவில்லை. அவரைக் கையில் பிடித்து இழுக்காத குறையாக வாய்க்காலோரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், நட்ட துண்டைக் காட்டினார். மற்ற வயல் சாய்ந்து கிடக்க, அது கதிரோடு நிற்கிறது. இது என்ர மருமகள் சொல்லி நட்டது என்றார். நான் நடும்போது என்னை விசரன் என்று ஏசிய அதே ஆள்தான்.

பிறகுதான் மிஸ் விஷயத்துக்கு வந்தார். கலியாணம் முடித்தவர்களை எடுக்காததற்குக் காரணம், வீட்டுக்காரர் இடையில் வா என்று கூப்பிடுவார்களாம், பிள்ளையும் பாதியில் ஓடி வருமாம். நீங்கள் கூப்பிடமாட்டீர்களோ என்று கேட்டார். "ஐப்பசி மட்டும் கூப்பிடமாட்டன். கார்த்திகையிலே கூப்பிடாமல் இருக்கவும் மாட்டன்" என்று அம்மா சொன்னார். மிஸ் என்னையும் கேட்டார். நானும் கூப்பிடமாட்டேன் என்றேன். எழுத்துப் பத்திரத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு, தனக்கு மேலே உள்ளவர்களோடு கதைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது இருந்து தேத்தண்ணீரும் குடித்தார். முடிவு அவருடைய கையில் மட்டும் இல்லையாம். ஆகவே நெஞ்சிடி இன்னும் முடியவில்லை.

ஜீப் போன பிறகு அம்மா என்னிடம் கதைத்தார். கார்த்திகைக்குப் பிறகு கதைத்த முதற் கதை இதுதான்: "நான் சொன்னதை அவளுக்கு எழுதிப்போடாதை. தலைக்கு மேலே ஏறியிடுவாள்."

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உம்முடைய
தில்லைநாதன்

கொழும்பு.
12.3.1963

என் அன்பான அத்தானுக்கு,

நான் சுகம். பயத்தைத் தவிர வேறு நோய் இல்லை. நீங்களும் என் மாமியும் சுகம்தானே.

நாளைக் காலை கப்பல். இன்னும் நம்ப முடியவில்லை. மாசி முழுக்க ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லுவார்கள், நாளைக்குச் சொல்லுவார்கள் என்று இருந்து, மற்றவர்களுடைய பெட்டிகளுக்கெல்லாம் நான் பெயர் எழுதிக் கொடுத்தேன், என்னுடையதற்கு மட்டும் எழுதவில்லை. கடைசியில் மிஸ் கூப்பிட்டு, "உங்கட மாமியோட இன்னொருக்கா கதைக்க எனக்குப் பயம், நீர் போயிட்டு வாரும்" என்று சொன்னார். அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு மிகக் கிட்ட வந்து நின்றது.

பாஸ்போட்டில் கமலாசனி தில்லைநாதன் என்று போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொல்ல, பழக்கத்தில் அப்பாவின் பெயரைத் தொடங்கிவிட்டேன். வீரகத்தியில் "வீ" மட்டும் விழுந்துவிட்டது. வேறு தாள் கொண்டுவந்தார்கள். இந்த முறை மை சிந்தவில்லை.

கப்பலில் தலை சுற்றுமாம். அங்கே பாஷை விளங்காவிட்டால் என்ன செய்வது, அந்த வீட்டு அம்மா மாமியைப் போல இருந்தால் என்ன செய்வது என்று நேசமலரைக் கேட்டேன். மாமியைப் போல இருந்தால் உமக்கு ஒரு குறையும் வராது என்றாள். அதுவும் சரிதான்.

அத்தான், நான் யோசித்துப் பார்த்தேன். உங்களுக்கு ஆவணியிலேயே கலியாணம் முடிந்துவிட்டது. எனக்குத் தையில், கண்டிக் கந்தோரில், மிஸ்ஸுக்கு முன்னால் முடிந்தது. மாமிக்குக் கார்த்திகையில் முடியும். அப்பாவிடம் சொன்னால், ஒரு பெட்டைக்கு எத்தனை கலியாணமடி என்பார். மாப்பிள்ளை ஒருவர்தானே என்று சொல்லிவிடுவேன்.

மோதிரத்தை இனிச் சேலையில் முடிய மாட்டேன். விரலிலேயே கிடக்கட்டும். மாமியிடம், அவர் சொன்னதை நீங்கள் எழுதவில்லை என்று சொல்லுங்கள். நான் ஒன்றும் அறியாத மாதிரியே வந்து இறங்குகிறேன்.

உங்கள்,
கமலா

உருத்திரபுரம்.
21.4.1963

அன்புள்ள கமலாவுக்கு,

சிங்கப்பூரில் இருந்து போட்ட அட்டை கிடைத்தது. இந்தக் கடிதம் யப்பானில் உமது கையில் வந்து சேர எத்தனை நாளாகுமோ தெரியாது.

அறுவடை முடிந்தது. நட்ட துண்டு நன்றாக விளைச்சல் கண்டது. என்னைப் பகிடி பண்ணியவர்கள் இப்போது கயிறு இரவல் கேட்டு வருகிறார்கள். உமது அப்பாவும் அம்மாவும் சித்திரை வருஷத்துக்கு வந்து போனார்கள். அம்மா படலையடிக்குப் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். உங்களுக்குப் பதிலாக வருகிற யப்பான் பிள்ளைகளில் ஒன்று முரசுமோட்டைக்கு ஆனியில் வருகிறதாம். அதை முதலில் இங்கேதான் கொண்டுவர வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். குச்சியால் தின்னுகிற பிள்ளைக்குப் பிட்டு அவிப்பதோ, சோறு குழைப்பதோ என்று அதே யோசனை.

நான் எழுதுகிற கடிதத்தில் அம்மா எப்போதும் சுகம் என்று நீர் ஒருமுறை ஏசி எழுதினீர். இனி உள்ளதை எழுதுகிறேன். அம்மா சுகமில்லை. நீர் கப்பல் ஏறிய நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டால் பல் நோ என்கிறார். தபாற்காரனின் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் பல் நோவோடு படலைக்கு ஓடுகிறார். நேற்றுத் தெற்கே மின்னியதைக் கண்டு, கடலிலும் மழை பெய்யுமோ என்று கேட்டார். நீர் கரை சேர்ந்து கன நாளாயிற்று என்று சொல்லியும் கேட்கவில்லை.

மாடுகள் சுகம். நானும் சுகமில்லை. வேறு ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
உம்முடைய புருஷன்,
தில்லைநாதன்